பார்க்கிறவனுக்குச் சொன்ன வசனம்

பெத்லகேமில் ஈசாயின் வீட்டுக்குச் சாமுவேல் தீர்க்கதரிசி போன கதையை வாசிக்கும்போதெல்லாம், ஊரில் பொம்பிளை பார்க்கப் போகிறவர்களின் ஞாபகம்தான் எங்களுக்கு வருகிறது. வீட்டுக்காரர் பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் கொண்டுவந்து விடுகிறார். வந்தவர் ஏற இறங்கப் பார்க்கிறார். மூத்தவன் எலியாப் நல்ல உயரம், பார்வைக்கு எடுப்பானவன். இவன்தான் அடுத்த அரசன் என்று சாமுவேல் மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறார். முன்பு அவர் அபிஷேகம் செய்த சவுலும் மற்றவர்களைவிட ஒரு தலையளவு உயர்ந்தவன்தானே. அந்த இடத்தில் கடவுள் குறுக்கிடுகிறார். முகத்தையும் உயரத்தையும் பார்க்காதே, மனிதர் பார்க்கும் விதம் வேறு, தான் பார்க்கும் விதம் வேறு என்கிறார். ஏழு பேர் வந்து போகிறார்கள். எட்டாவது பிள்ளை ஆடு மேய்க்கப் போயிருக்கிறான். அவனையும் கூப்பிடவேண்டும் என்று தகப்பனுக்கே தோன்றவில்லை.

ஒன்று சாமுவேல் பதினாறாம் அதிகாரத்தில் உள்ள இந்தக் கதை ரொறன்ரோவின் தமிழ்ச் சபைகளில் கத்தோலிக்கர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தேகாரர் என்ற பேதமில்லாமல் பிரசங்கிக்கப்படுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரமும் கூடவே வரும். தலைப்பு ‘உள்ளழகு’. கேட்க இருத்தப்படுகிறவர்கள் பெண்கள். அதிலும் கலியாணம் ஆகாத பெண்கள். அதிலும் கறுத்த, பருத்த, கட்டையான, வயது ஏறிப்போன பெண்கள். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் போதகர் பேசுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. கடவுள் அந்த வார்த்தையை யாருக்குச் சொன்னார்? தாவீதுக்குச் சொன்னாரா? இல்லை. தாவீது அப்போது அந்த வீட்டிலேயே இல்லை. பார்க்கப்பட்டவர்கள் எவருக்கும் அது சொல்லப்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சாமுவேலுக்குத்தான் சொல்லப்பட்டது. அது ஆறுதல் வசனம் அல்ல, கண்டன வசனம். எங்கள் சமூகம் அதைப் பார்க்கிறவர்களின் கையிலிருந்து எடுத்து, பார்க்கப்படுகிறவர்களின் மடியில் வைத்துவிட்டது.

இந்த விஷயத்தை எங்களுக்குக் காட்டித் தந்தவர் போதகருமல்ல, இறையியல் படித்தவருமல்ல. எங்களோடு சமையலறையில் வேலை செய்யும் நண்பரின் தங்கை. அவர் யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். முப்பது வயதைத் தாண்டிவிட்டார். ரொறன்ரோவிலிருந்து அவருக்கு மூன்று சம்பந்தங்கள் பேசி வந்தன. மூன்றும் படத்தோடு நின்றன. எங்களுக்கு முந்தி வந்தவர்களின் காலத்தில் படம் விமானத் தபாலில் போய்வர ஒரு மாதம் எடுக்குமாம். வேண்டாம் என்ற பதில் வருவதற்கு இன்னொரு மாதம். இப்போது வாட்ஸ்அப்பில் படம் போன பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் முன்னேற்றம். மூன்றாவது சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் தாய், “வெளிச்சத்தில எடுத்த படம் ஒண்டு அனுப்பச் சொல்லுங்கோ” என்று கேட்டிருந்தார். வெளிச்சத்தில் எடுத்ததை அனுப்பினார்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஊழியக்கார அம்மா ஒருவர் வந்து கையைப் பிடித்து, அதே சாமுவேல் வசனத்தை வாசித்து ஜெபித்திருக்கிறார். தங்கை அன்றிரவு தமையனோடு தொலைபேசியில் கதைக்கும்போது சொன்னாராம்: “அண்ணா, அதை ஏன் எனக்கு வாசிக்கினம்? நான் ஆரின்ர முகத்தைப் பாத்து வேண்டாமெண்டனான்? படத்தைப் பாத்திட்டுப் பேசாமல் இருக்கிறவைக்கெல்லோ அதை வாசிக்கவேணும்.”

நண்பர் இதை எங்களுக்குச் சொன்னது இரவு பதினொன்றரை மணிக்கு, அடுப்புகளை அணைத்துவிட்டுத் தரை கழுவிக்கொண்டிருந்தபோது. எங்களில் இரண்டு பேர் சைவம், ஒருவர் கத்தோலிக்கர், நண்பர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். வேதம் பற்றிய வாக்குவாதம் எங்களுக்குள் அடிக்கடி வரும். அன்று யாரும் வாக்குவாதப்படவில்லை. அதன் பிறகு பல இரவுகள் இதையே திருப்பித் திருப்பிக் கதைத்தோம். கதைத்ததில் மிஞ்சியதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் பேதுருவின் நிருபத்தை எடுத்துக்கொள்ளலாம். சடை பின்னுவதும் பொன் அணிவதும் உடை உடுப்பதும் உங்கள் அலங்காரமாக இருக்கவேண்டாம், சாந்தமும் அமைதியுமான உள்ளமே கடவுளின் கண்ணுக்கு விலைமதிப்பானது என்ற கருத்தில் அங்கே எழுதியிருக்கிறது. அந்த நிருபம் சின்ன ஆசியாவில் சிதறி வாழ்ந்த சபைகளுக்குப் போனது. எழுதப்பட்டவர்களை அது பரதேசிகள், அந்நியர் என்றுதான் அழைக்கிறது. அகதிகளுக்கு எழுதிய கடிதம் என்று நாங்கள் உரிமை கொண்டாடலாம். உரோமப் பேரரசில் பொன்னும் முத்தும் அடுக்கடுக்காகப் பின்னிய கூந்தலும் செல்வத்தின் பறைசாற்றல். பின்னிவிடுவதற்கு அடிமைப் பெண்கள் வேண்டும். ஆகவே, இருப்பதை எடுத்துக் காட்டாதே என்பது இருக்கிறவளுக்குச் சொன்ன புத்தி. இல்லாதவளுக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

‘சாந்தம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் சபைகளில் அது பெண்ணின் குணம். வாய் திறக்காத பெண்ணுக்குக் கொடுக்கும் பட்டம். கிரேக்க மூலத்தில் பேதுரு அங்கே பாவித்த அதே சொல்லைத்தான் மத்தேயு பதினொராம் அதிகாரத்தில் இயேசு தன்னைப் பற்றிச் சொல்லும்போது பாவிக்கிறார். மலைப்பிரசங்கத்தில் பூமியைச் சுதந்தரிப்பவர்களாகச் சொல்லப்படுகிறவர்களுக்கும் அதே சொல்தான். ஆலயத்தில் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்தவருக்குப் பொருந்திய சாந்தம், ஒரு பெண்ணை மட்டும் ஏன் ஊமையாக்கவேண்டும்?

நகையைப் பற்றிப் பேசும்போது பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இலங்கைப் பெந்தெகொஸ்தே சபை 1920களில் இலங்கையில் உருவானது. அதை ஆரம்பித்தவர்களில் முதன்மையானவரான பாஸ்ரர் போல், ராமன்குட்டி என்ற பெயரில் கேரளத்தில் பிறந்து, சிறு வயதில் பிழைப்புக்காக இலங்கைக்கு வந்தவர். அந்தச் சபையின் ஊழியர்கள் மணம் செய்யாமல், வெள்ளை உடுத்தி, விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். விசுவாசிகள் நகை அணிவதில்லை. வேறு பல பெந்தெகொஸ்தே சபைகளும் ஏறக்குறைய இதே வழியில் போகின்றன. ரொறன்ரோவில் இவற்றில் சேர்ந்த எம்மவர்களில் பலர் சைவக் குடும்பங்களிலிருந்து போனவர்கள். தாலிக்கொடியைக் கழற்றியது, பொட்டை அழித்தது, வெறும் கழுத்தோடு மைத்துனியின் கலியாணத்துக்குப் போனது என்று ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் இதனால் முறிந்த உறவுகள் அநேகம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைப் பைத்தியம் என்கிறார்கள்.

எங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காரணம், அந்தச் சபைகளில் வெறும் கழுத்தோடு இருக்கும் பெண்களில் சிலருக்குக் கழற்றுவதற்கு நகை இருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தாலிக்கொடி ஏஜென்றுக்குப் போயிற்று. காப்பு, இடம்பெயர்ந்தபோது அரிசியாகப் போயிற்று. அடகில் வைத்தது மூழ்கிப் போயிற்று. இப்படிப்பட்ட ஒரு பெண் கலியாண மண்டபத்துக்கோ சாமத்தியச் சடங்குக்கோ போனால், வாசலில் நிற்பவர்களின் கண் முதலில் அவளுடைய கழுத்துக்குத்தான் போகும். எல்லாப் பெண்களும் வெறும் கழுத்தோடு இருக்கும் ஒரு மண்டபத்துக்குள் அவள் முதன்முதலாக நுழைந்தபோது என்ன உணர்ந்திருப்பாள்? அங்கே அவளை யாரும் எடைபோடவில்லை. நகை போடாதே என்ற விதி அவளைப் பொறுத்தவரையில் ஒரு பாரமல்ல, நிழல். அந்த நிழலை அவளுக்குக் கொடுத்தது எந்த முற்போக்குச் சங்கமும் அல்ல, எங்கள் இலக்கியக் கூட்டங்களும் அல்ல.

ஆனால் நிழலும் காலப்போக்கில் சுவராகிவிடுகிறது. நகை போன பிறகு வெள்ளைச் சேலையின் தரம் பேசப்படுகிறது. எந்தக் கார், எந்த வீடு, பிள்ளை எந்தப் பல்கலைக்கழகம் என்ற நகைகள் கழுத்தில் தொங்காமலே மினுங்குகின்றன. காதில் சிறு தோடு போட்ட புதியவளைப் பார்த்து, “இன்னும் இரட்சிக்கப்படேல்லை” என்று முகத்தை வைத்தே முடிவு கட்டுகிறார்கள். நகை உள்ளவளை உயர்த்திய அதே கண்தான் இப்போது நகை இல்லாதவளை உயர்த்துகிறது. கண் மாறவில்லை, தராசில் வைத்த படிக்கல்தான் மாறியிருக்கிறது.

*

உள்ளழகு போதும், வெளித்தோற்றம் வீண் என்ற பேச்சு எல்லா இடத்திலும் நியாயமாகாது என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதை அடுத்த பகுதிகளிலும், நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும் மார்பை மறைக்கத் தடை இருந்தது. மேலாடை என்பது மேற்சாதியின் உரிமை. லண்டன் மிஷனரிச் சங்கத்தின் சபைகளில் சேர்ந்த நாடார் பெண்கள் 1810களிலிருந்து மேற்சட்டை அணியத் தொடங்கினார்கள். ஆங்கில ரெசிடென்ற் மன்றோ கிறிஸ்தவப் பெண்களுக்கு அதை அனுமதித்து உத்தரவு போட வைத்தார். மிஷனரிகளின் மனைவிமார் அதற்கென்றே தளர்வான ஒரு சட்டையை வடிவமைத்தார்கள். அதற்குக் கிடைத்த பதில் அடி. 1820களில் சந்தைகளில் பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிக்கூடங்களும் சபைக் கட்டடங்களும் எரிக்கப்பட்டன. 1858, 1859இல் கலகம் மறுபடி மூண்டது. சென்னை ஆளுநர் சார்ள்ஸ் ட்ரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா நாடார் பெண்கள் எல்லோரும் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் செய்தார். அப்போதும் ஒரு நிபந்தனை இருந்தது: மேற்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது. வரலாற்றில் இதற்குத் தோள்சீலைக் கலகம் என்று பெயர்.

அந்தப் பெண்களிடம் போய், உடையில் என்ன இருக்கிறது, உள்ளம்தான் முக்கியம் என்று யாராவது சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமையாக இருந்திருக்கும்! அவர்களுக்குத் துணி என்பது அலங்காரமல்ல, மனுஷத்தனம். யாழ்ப்பாணம் இதில் சுத்தமான பூமி என்று யாரும் மார்தட்டவேண்டாம். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடுவதற்கும் நகை அணிவதற்கும் எங்கள் ஊர்களிலும் தடை இருந்தது. ஆகவே பேதுருவின் வார்த்தையை எடுத்துப் பேசுமுன், கேட்கிறவள் யார் என்று பார்க்கவேண்டியிருக்கிறது. பெட்டி நிறைய நகை உள்ளவளுக்கு அது புத்திமதி. தோளில் துணி போட உரிமையில்லாதவளுக்கு அதே வார்த்தை இன்னொரு தடை.

*

இனி நிறத்துக்கு வருவோம். ஸ்காபரோவின் எந்தத் தமிழ்க்கடைக்குள் போனாலும், மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் இருக்கும் அதே கூரையின் கீழ் முகம் வெளுக்கப் பூசும் களிம்பும் இருக்கும். இந்தியாவில் 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபெயர் அன்ட் லவ்லி’ 2020இல் ‘குளோ அன்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக எழுந்த போராட்டங்களின் அதிர்ச்சியில்தான் அந்த மாற்றம் நடந்தது. பெயர்தான் மாறியது, வாங்குகிறவர்கள் எதற்காக வாங்குகிறார்கள் என்பது மாறவில்லை.

எங்கள் நாளாந்தப் பேச்சில் ஒரு சிறு சொல் உண்டு. “பிள்ளை கறுப்புத்தான், ஆனாலும் நல்ல குணம்.” இந்த ‘ஆனாலும்’ எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். அது ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்றாடுகிறது. உள்ளழகுப் பிரசங்கம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

வேதாகமத்தில் உன்னதப்பாட்டின் முதலாம் அதிகாரத்தில் ஒரு கறுத்த பெண் பேசுகிறாள். தான் கறுப்பு, தான் அழகு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறாள். சேர்க்கும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது ஒற்றை எழுத்து இடைச்சொல். அதற்கு ‘உம்’ என்றும் பொருள், ‘ஆனால்’ என்றும் பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை ‘உம்’ என்றே எடுத்தது. இலத்தீனும் பிறகு ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கிலமும் ‘ஆனால்’ என்று எடுத்தன. புரட்டஸ்தாந்த சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமமும் ‘இருந்தாலும்’ என்றுதான் போகிறது. அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில மறுபடியும் ‘உம்’ என்பதற்குத் திரும்பியிருக்கின்றன. கறுப்பும் அழகும். ஒரு எழுத்துத்தான். அந்த ஒரு எழுத்துக்குள் எத்தனை தலைமுறைப் பெண்கள் குனிந்து நின்றிருக்கிறார்கள்!

அடுத்த வசனம் இன்னும் முக்கியம். என்னை அப்படி உற்றுப் பார்க்காதீர்கள், வெயில் சுட்டதனால் கறுத்தேன், என் சகோதரர்கள் கோபங்கொண்டு திராட்சைத் தோட்டங்களைக் காக்க என்னை வைத்தார்கள் என்கிறாள். அவளும் பார்க்கிறவர்களைப் பார்த்துத்தான் பேசுகிறாள். நிறத்துக்குக் காரணம் உழைப்பு என்கிறாள். அந்த உழைப்பைச் சுமத்தியவர்கள் வீட்டு ஆண்கள் என்றும் சொல்லிவிடுகிறாள். எங்கள் ஊர்களில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறி, புகையிலைக்குப் புல்லுப் பிடுங்கிக் கறுத்த சகோதரிகளைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரால் எழுத முடியும்?

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. உள்ளத்தைப் பார்க்கும் கடவுளைப் பற்றிச் சொன்ன அதே பதினாறாம் அதிகாரம், ஐந்து வசனங்கள் தள்ளி, ஆட்டு மந்தையிலிருந்து கூட்டிவரப்பட்ட தாவீது சிவந்தவன், கண் அழகானவன், தோற்றம் நல்லவன் என்று எழுதிவைக்கிறது. கலியாண விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு வாய்ப்பான வரி! எங்கள் கத்தோலிக்க நண்பர் இதைக் காட்டிச் சிரித்தார். “கடைசியில சாமுவேலுக்கும் வெள்ளைப் பெடியன்தானே கிடைச்சவன்!” இதற்கு நாங்கள் கண்ட பதில் இதுதான்: வேதம் அழகை வெறுக்கவில்லை. தாவீது அழகாயிருந்தது குற்றமல்ல, அதனால் அவன் தெரிந்தெடுக்கப்படவும் இல்லை. அழகைச் சொல்வது வேறு, அழகை வைத்துத் தீர்ப்பளிப்பது வேறு. வெளித்தோற்றத்தைத் திட்டுவதனால் உள்ளழகு வளராது.

இன்னொரு பக்கத்தில், ஏசாயா ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தின் துன்புறும் ஊழியனில் இயேசுவைக் காண்பது கிறிஸ்தவ மரபு. பார்க்க விரும்பும்படியான அழகோ தோற்றமோ அவனுக்கு இல்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. அதைப் பிரசங்கிக்கும் சபைகளின் சுவரிலும், எங்கள் வீடுகளின் வரவேற்பறையிலும் தொங்குவது யார்? தேன்நிறக் கூந்தலும் வெள்ளை முகமும் கொண்ட ஒருவர். 1940இல் சிக்காகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன் வரைந்து, கோடிக்கணக்கில் அச்சாகி உலகமெங்கும் போன படத்தின் வழிவந்தவர். அழகில்லாதவன் என்று வேதம் சொன்னவனைக்கூட வெளுக்காமல் எங்களால் கும்பிட முடியவில்லை.

*

இவ்வளவும் பெண்களைப் பற்றிய கதை என்று ஆண்கள் ஒதுங்க முடியாது. ரொறன்ரோவின் உணவகங்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்: வாசலில் நிற்பதற்கு முகம் வேண்டும், உள்ளே நிற்பதற்குக் கை போதும். இத்தாலியச் சாப்பாடு என்று ஆட்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பின்னால் நின்று சமைப்பவர் பருத்தித்துறைக்காரராக இருப்பார். யப்பானிய உணவகத்தில் மீன் வெட்டுகிறவர் குருநகர்க்காரராக இருப்பார். மேசைக்குப் போகும் வேலை கேட்டால், ஆங்கிலம் போதாது என்று ஒரு காரணம் வரும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் கேட்டாலும் வேறொரு காரணம் வரும். எங்கள் முகம் பசியைக் கெடுக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கதவு ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நாங்கள் போவதில்லை. அவ்வளவுதான். இப்படிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட ஆண்களுக்குத்தான் ஊரில் வெள்ளைப் பொம்பிளை தேடப்படுகிறது. தன் நிறத்துக்காக ஒதுக்கப்படுகிறவனின் பெயரிலேயே இன்னொருத்தி நிறத்துக்காக ஒதுக்கப்படுகிறாள்.

மத்தேயு இருபத்து மூன்றாம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரைக் கோப்பை கழுவுவதற்கு ஒப்பிட்டுத் திட்டுகிறார். வெளிப்புறத்தைத் துலக்கி உட்புறத்தை அழுக்காக விடுகிறீர்கள், முதலில் உட்புறத்தைச் சுத்தமாக்குங்கள் என்பது கருத்து. கோப்பை கழுவினவர்களுக்கு இந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. கிளாசின் வெளியில் ஒட்டியிருக்கும் உதட்டுச் சாயம் தூரத்திலிருந்தே தெரியும். ஒரு துடைப்பில் போய்விடும். அடியில் காய்ந்த பால் தெரியாது. விரலை உள்ளே விட்டுத் தடவினால்தான் தெரியும். மிஷினிலிருந்து வந்த கிளாசை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சில வேளை பளபளவென்றுதான் இருக்கும். ஆகவே அனுபவசாலிகள் கண்ணை நம்புவதில்லை, கையை நம்புவார்கள். இன்னுமொன்று: கோப்பை தன்னைத்தானே கழுவாது. உட்புறத்தைச் சுத்தமாக்கு என்று இயேசு திட்டியது, கழுவும் பொறுப்பைக் கையில் வைத்திருந்தவர்களை. மற்றவர்களைச் சுத்தம், அசுத்தம் என்று பிரித்துக்கொண்டிருந்தவர்களை.

யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரமும் இதே திசையில்தான் போகிறது. பொன் மோதிரமும் நல்ல உடையுமாக வருகிறவனுக்கு நல்ல இடத்தையும், கந்தையோடு வருகிறவனுக்குக் காலடியையும் காட்டுகிறவனைப் பிடித்து, நீ தப்பான எண்ணத்தோடு தீர்ப்பளிக்கிறாய் என்கிறார் யாக்கோபு. கந்தைக்காரனிடம் உன் உள்ளம் அழகு என்று அவர் சொல்லவில்லை. இடம் காட்டியவனிடம்தான் பேசுகிறார். யன்னலோரத்து மேசை யாருக்கு, கழிவறைப் பக்கத்து மேசை யாருக்கு என்று தினமும் பார்க்கிற எங்களுக்கு யாக்கோபு இன்றைக்கு எழுதியவர்போல் இருக்கிறார்.

*

கடவுள் உள்ளத்தைப் பார்க்கிறார், சரி. மனிதன் எப்படிப் பார்ப்பது? நெஞ்சைப் பிளந்து பார்க்க முடியுமா? இந்தக் கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த பதில் சபையிலிருந்து வரவில்லை, இந்த நாட்டின் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1985ஆம் ஆண்டுக்கு முன் கனடாவில் அகதி அந்தஸ்துக் கேட்டவரை ஒரு அதிகாரி விசாரித்து எழுதுவார். தீர்மானிக்கிறவர்கள் ஆளைக் காணாமலே அந்தக் காகிதத்தை வாசித்து, இவன் சொல்வது பொய் என்று முடிவெடுக்கலாம். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ‘சிங்’ வழக்கில் அதை மாற்றியது. ஒருவரின் உண்மைத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் வைத்துக் கேட்காமல் தீர்ப்பளிப்பது நீதியல்ல என்றது. 1989இல் குடிவரவு அகதிகள் சபை வந்தபின் எம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அந்த மேசையின் முன் இருந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். அங்கும் தோற்றத்தின் தொல்லை இருந்தது. கோட் போட்டுப் போனால் வசதியானவன் என்று நினைப்பார்களோ, கசங்கிய சேட்டோடு போனால் மரியாதையில்லை என்று நினைப்பார்களோ என்று முதல்நாள் இரவு முழுக்கக் குழம்பியவர்கள் உண்டு. ஆனால் கேட்டார்கள். கேட்டதனால்தான் இன்று இங்கே இருக்கிறோம்.

கேட்குமுன் தீர்ப்பளிப்பது எப்படியிருக்கும் என்பதையும் கண்டோம். 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. கரைசேருமுன்பே பயங்கரவாதிகள், ஆட்கடத்தல்காரர் என்ற பேச்சு அரசாங்கத்திலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் எழுந்தது. அந்தக் கப்பலில் குழந்தைகளும் இருந்தார்கள். எங்களவர்கள் கொதித்தார்கள். துருப்பிடித்த கப்பலின் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பவர்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்களே என்று ஊர்வலம் போனவர்களும் உண்டு. நியாயமான கோபம். அதே வீடுகளில்தான் ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் படத்துக்கு பத்து நிமிஷத்தில் தீர்ப்பு எழுதப்படுகிறது.

இப்படிப் பார்த்தால், உள்ளழகு என்பது கண்ணுக்கான பொருளே அல்ல, காதுக்கான பொருள். கடவுள் பார்த்து அறிவதை மனிதர் கேட்டுத்தான் அறியவேண்டும். அதற்கு நேரம் வேண்டும், எதிரே இருப்பவர் பேச இடம் வேண்டும், சாந்தம் என்ற பெயரில் வாயைக் கட்டாமல் இருக்கவேண்டும். எங்கள் சபைகளில் உள்ளழகைப் பற்றிப் பேச விரும்பும் போதகர்களிடமும் சுவாமிமாரிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பெண்களைக் கூப்பிடவேண்டாம். கலியாணத்துக்கு நிற்கும் ஆண்களையும் அவர்களின் தாய்தகப்பனையும் முன்வரிசையில் இருத்தி, அந்தச் சாமுவேல் வசனத்தை அவர்களுக்கு வாசியுங்கள்.

நண்பரின் தங்கைக்கு நாலாவது சம்பந்தம் ஒன்று சென்ற மாதம் பேசி வந்தது, இதே நகரத்திலிருந்து. வழக்கம்போலப் படம் கேட்டார்கள். தங்கை தமையனிடம் சொன்னதை நண்பர் எங்களுக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்: “படம் இல்லையெண்டு சொல்லுங்கோ அண்ணா. ஃபோன் நம்பரைக் குடுங்கோ. முதல்ல ஆள் எடுத்து என்னோட கதைக்கட்டும். நானும் அவர் என்ன கதைக்கிறார் எண்டு கேக்கவேணும்.”

நம்பர் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்வரை அழைப்பு வரவில்லை. தங்கையோ படம் அனுப்புவதாக இல்லை.